வீட்டுக் கணினியில் வைரஸ், உளவுநிரல், குப்பை அஞ்சல்: ஃபார்மட் செய்வதுதான் ஒரே வழியா?

கேள்வி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2017இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று உள்ளது. ஏழாம் தலைமுறை ஐ3 செயலி, விண்டோஸ் 10. ஓய்வூதியக் கடிதங்கள், மின்கட்டணம், வங்கிக் கணக்கு, பழைய மாணவர் மலருக்கான கட்டுரைகள் ஆகியவற்றுக்கு நானும் என் கணவரும் அதைப் பயன்படுத்துகிறோம். விடுமுறைக்கு வந்த பேரன் இரண்டு வாரம் அதில் விளையாடிவிட்டுப் போனான். அதன் பிறகு மூன்று தொல்லைகள் தொடங்கியுள்ளன.

திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில் சிவப்பு முக்கோணத்துடன் "உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன, உடனே நீக்கவும்" என்ற செய்தி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தோன்றுகிறது. நான் உலாவியைத் திறக்காமல் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதும் வருகிறது.

இரண்டாவது, ஆயுள் சான்றிதழ் தொடர்பான சில தாள்களை அச்செடுப்பதற்காகத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவ் கொண்டுபோயிருந்தேன். வீட்டுக்கு வந்து செருகியதும், அதிலிருந்த கோப்புறைகள் எல்லாம் சிறிய அம்புக்குறியுடன் குறுக்குவழிகளாக மாறியிருந்தன. சொடுக்கினால் கோப்புறை திறக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு முன் ஒரு கறுப்புச் சாளரம் கண் சிமிட்டும் நேரம் தோன்றி மறைகிறது.

மூன்றாவது, மின்னஞ்சலில் நாளொன்றுக்கு முப்பது நாற்பது குப்பை அஞ்சல்கள் குவிகின்றன. அவற்றுள் ஒன்று, என் கணினியின் கேமரா வழியாக என்னைப் படம்பிடித்துவிட்டதாகவும் பிட்காயினில் பணம் அனுப்பாவிட்டால் எல்லோருக்கும் அனுப்பிவிடுவதாகவும் மிரட்டுகிறது. எங்கள் கணினியில் கேமராவே கிடையாது என்பதால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன்; ஆனால் அந்தக் கடிதத்தில் நான் பல ஆண்டுகளுக்கு முன் பயன்படுத்திய கடவுச்சொல் ஒன்று எழுத்துப் பிசகாமல் இருந்தது. அதுதான் உறக்கத்தைக் கெடுக்கிறது.

ஃபார்மட் செய்ய, அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவ, 800 ரூபாய், ஆன்ட்டிவைரஸுக்கு ஓராண்டுக்கு 1200 ரூபாய் என்று அருகிலுள்ள கடைக்காரர் சொல்கிறார். அவ்வளவும் தேவைதானா? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: கணினி பழுதுநீக்குபவர், திருச்சி

அம்மா, வணக்கம். இருபது ஆண்டுகளாக வீடு வீடாகப் போய்க் கணினி பார்ப்பது என் தொழில். ஃபார்மட் செய்ய அவசரப்பட வேண்டாம். ஒரே நோயின் மூன்று அறிகுறிகள் என்று நீங்கள் எண்ணுபவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று சங்கதிகள். அவற்றுள் ஒன்றுதான் வைரஸ்.

மூலையில் வரும் சிவப்பு முக்கோணம் உலாவி காட்டும் அறிவிப்பு மட்டுமே. இலவச விளையாட்டும் திருட்டுப் படமும் தரும் தளங்களில் "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய 'அலோ' பொத்தானை அழுத்தவும்" என்று ஒரு பெட்டி வரும். அழுத்தினால் சோதனை எதுவும் நடப்பதில்லை. அந்தத் தளம் நினைத்தபோதெல்லாம் உங்கள் திரைக்குச் செய்தி அனுப்பும் உரிமையைப் பெற்றுக்கொள்கிறது. குரோம் உலாவி பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பதால்தான் நீங்கள் அதைத் திறக்காதபோதும் செய்தி வருகிறது. குரோமின் வலப்பக்க மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் தெரியும். அறிமுகமில்லாத பெயர்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கக் கூடாது என்ற தெரிவையும் அங்கேயே அமைத்துவிடுங்கள். சென்ற மாதம் ஒரு வீட்டில் இப்படி நாற்பத்தொரு தளங்களை நீக்கினேன். அந்த வீட்டுக்காரர் அதற்கு முன் இருமுறை ஃபார்மட்டுக்குப் பணம் கொடுத்திருந்தார்.

அந்தச் செய்தியைச் சொடுக்கினால்தான் ஆபத்து தொடங்கும். திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஓசை எழுப்பும் பக்கம் ஒன்று வந்து, மைக்ரோசாஃப்டின் எண் என்று ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டும். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறுவதில்லை. அழைத்தால், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை உங்களைக் கொண்டே நிறுவச் செய்து, வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள். அப்படிப் பக்கம் வந்தால் எஸ்கேப் விசையை அழுத்திப் பிடியுங்கள். அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் உலாவியைத் தேர்ந்து மூடிவிடுங்கள்.

பென் டிரைவில் இருப்பதுதான் உண்மையான வைரஸ். அது உங்கள் கோப்புறைகளை அழிக்கவில்லை. கணினியின் சொந்தக் கோப்புகள்போல் அடையாளமிட்டு மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழிகளை நிறுத்தியிருக்கிறது. குறுக்குவழியைச் சொடுக்கும்போது முதலில் வைரஸின் நிரல் ஓடும், பிறகு கோப்புறை திறக்கும்; நீங்கள் கண்ட கறுப்புச் சாளரம் அந்த நிரல்தான். ஆகவே அது இப்போது உங்கள் கணினியிலும் குடியேறியிருக்கும். இனிச் செருகும் ஒவ்வொரு பென் டிரைவிலும் ஏறிக்கொள்ளும்.

செய்ய வேண்டியது இது. பென் டிரைவைச் செருகிய நிலையில் எதையும் சொடுக்காமல் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பகுதியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்பதில் முழுச் சோதனையையும், கஸ்டம் ஸ்கேன் வழியாகப் பென் டிரைவுக்கான சோதனையையும் நடத்துங்கள். சில மணி நேரம் ஆகலாம். அதன்பின் அதே இடத்தில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேனையும் நடத்துங்கள். கணினி தானே அணைந்து, விண்டோஸ் முழுமையாக விழிப்பதற்கு முன்பே சோதிக்கும். ஏறத்தாழக் கால் மணி நேரம். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் நிரல்களுக்கு அப்போது ஒளிய இடம் இருக்காது. இவை எல்லாம் முடிந்த பிறகு, கோப்புறைகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் சாளரத்தில் 'வியூ' பகுதிக்குப் போய் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். அதோடு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் "பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை" என்ற பொருள்படும் வரியின் குறியையும் எடுத்துவிட்டால் உங்கள் கோப்புறைகள் மங்கலான நிறத்தில் தெரியும். அவற்றின் உள்ளே இருக்கும் ஆவணங்களை மட்டும் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டு பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். ஃபார்மட் தேவைப்படுவது அதற்குத்தான்.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது விண்டோஸ் 10. அதற்கான பாதுகாப்பு மேம்படுத்தல்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. ஏழாம் தலைமுறைச் செயலி விண்டோஸ் 11க்கு ஏற்றதன்று. ஆனால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை மேம்படுத்தல்கள் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைப்புகளைக் காப்புப் பிரதியாக ஒத்திசைத்தால் கட்டணமும் இல்லை. இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், 2017 மே 12 அன்று நூற்றைம்பது நாடுகள் வரை பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை நிரல் புகுந்த ஓட்டைக்கு அதே ஆண்டு மார்ச் 14 அன்றே அடைப்பு வெளியாகிவிட்டது. சிக்கியவை எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் அதை நிறுவாத கணினிகளும், அடைப்பே கிடைக்காத அளவுக்குப் பழைய கணினிகளும்தான்.

இன்னொன்று. பேரனுக்குத் தனிக் கணக்கு திறந்து, அதை 'ஸ்டாண்டர்டு' வகையில் வையுங்கள். கணினி முழுவதற்குமாக எதை நிறுவ முயன்றாலும் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும்.

மறுமொழி: டிடிபி மையம் நடத்துபவர், தஞ்சாவூர்

வணக்கம் அம்மா. ஜெராக்ஸ் கடைக்காரர்களைத் திட்டுவதற்கு முன் எங்கள் நிலையையும் கேளுங்கள். தேர்வு விண்ணப்பக் காலத்தில் நாளொன்றுக்கு நூறு பென் டிரைவாவது எங்கள் கணினியில் ஏறி இறங்கும். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று எப்படிச் சொல்வது? கடைக்கு என்றே ஒரு பென் டிரைவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அச்செடுக்க வேண்டிய கோப்பை மட்டும் பிடிஎஃப் ஆக்கி அதில் போட்டுக்கொண்டு வாருங்கள். வீட்டுக்குப் போனதும் திறந்து பார்க்காமல் ஃபார்மட் செய்துவிடுங்கள். கடை மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது.

நான் எழுத வந்தது வேறொன்று. பேரன் என்ன நிறுவினான் என்று விசாரியுங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டு இலவசமாகக் கிடைத்தது என்றால் அதனுடன் வேறு ஏதோ வந்திருக்கிறது என்று கொள்ளலாம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2020இல் பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒன்றின் 'கிராக்' பதிப்பை, அதாவது காசு கொடுக்காமல் ஓடும்படி உடைத்த திருட்டுப் பதிப்பை, இறக்கினேன். நிறுவுவதற்கு முன் ஆன்ட்டிவைரஸை நிறுத்தி வைக்கும்படி அதனுடன் வந்த குறிப்பு சொன்னது; நிறுத்தினேன். விண்டோஸ் அப்டேட் நடப்பதாக ஒரு சாளரம் வந்தது. தேநீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது எல்லாக் கோப்புகளின் பெயருக்கும் பின்னால் நான்கு எழுத்துகள் புதிதாக ஒட்டிக்கொண்டிருந்தன. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா அழைப்பிதழ், பள்ளி வினாத்தாள் என்று எதுவும் திறக்கவில்லை. கோப்புறைதோறும் 'ரீட்மீ' என்று ஒரு கோப்பு: 980 டாலர் தர வேண்டும், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490.

அது ஸ்டாப்–டேஜாவூ என்ற வகை என்றும், அப்டேட் சாளரமே அது போட்ட வேடம் என்றும் பிறகு அறிந்தேன். எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இந்த வகைக்கு ஓர் இலவச மீட்புக் கருவியை வெளியிட்டிருக்கிறது; ஆனால் அந்த நிரல் கோப்புகளைப் பூட்டும்போது கணினி இணையத்தில் இணைந்திருந்தால் ஒவ்வொரு கணினிக்கும் தனிச் சாவி உண்டாகிவிடும், அதற்கு அந்தக் கருவி உதவாது. எனக்கும் உதவவில்லை. பணம் அனுப்பவில்லை. பீரோவில் கிடந்த பழைய ஹார்டு டிஸ்கில் இருந்தவை மட்டும் மிஞ்சின. அந்த டிஸ்க் அன்றைக்குக் கணினியில் செருகியிருந்தால் அதுவும் போயிருக்கும். ஆகவே காப்புப் பிரதி எடுத்ததும் கம்பியைக் கழற்றிவிடுங்கள். இதை மட்டும் மறக்க வேண்டாம்.

மறுமொழி: மென்பொருள் சோதனையாளர், சென்னை

திருச்சி நண்பர் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஆன்ட்டிவைரஸ் வாங்கவே வேண்டாம் என்ற பொருள் தொனிப்பதை ஏற்க இயலவில்லை. விண்டோஸுடன் வரும் ஆன்ட்டிவைரஸான டிஃபென்டர் இப்போது நன்றாகவே வேலை செய்கிறது என்பது உண்மை. இருந்தாலும் சிக்கல் வந்தால் தமிழில் பேசி உதவி கேட்க ஒருவர் வேண்டும் என்று நினைக்கும் முதியவர்களுக்கு விலை கொடுத்து வாங்குவது வீண்செலவு ஆகாது. சென்னையின் கே7, புனேவின் குவிக் ஹீல் போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் 1990களிலிருந்து இத்துறையில் இருக்கின்றன. எதை வாங்கினாலும் ஒன்றே ஒன்று மட்டும் இருக்கட்டும். இரண்டு காவல் நிரல்கள் ஒரே கணினியில் இருந்தால் ஒன்றையொன்று சந்தேகித்துக் கணினியை நத்தையாக்கிவிடும். கணினி வாங்கியபோது உடன் வந்த சோதனைப் பதிப்பு காலாவதியாகிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிடந்தால் அதை முழுவதும் நீக்கிவிட்டு, டிஃபென்டர் பொறுப்பேற்றிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அறிவிப்புப் பட்டியலில் பதினேழு தளங்கள் இருந்தன. நீக்கியதும் சிவப்பு முக்கோணம் நின்றுவிட்டது. கணினி வந்த புதிதில் இருந்த ஒரு சோதனை ஆன்ட்டிவைரஸ் 2018இலேயே காலாவதியாகி இருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். பேரனை விசாரித்ததில், ஒரு பந்தய விளையாட்டை ஏதோ தளத்திலிருந்து இறக்கியதாகவும், அது "படம் மாதிரிதான் இருந்தது, திறக்கவில்லை" என்றும் சொன்னான். டவுன்லோட்ஸ் கோப்புறையில் அது இருக்கிறது; பெயரின் முடிவில் 'ஜேபிஜி' என்றுதான் தெரிகிறது.

இரண்டு ஐயங்கள். டிஃபென்டர் உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த மிரட்டல் கடிதத்துக்கு யாரும் விடை சொல்லவில்லையே.

மறுமொழி: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மதுரை

அம்மா, மிரட்டல் கடிதத்துக்கு நான் விடை சொல்கிறேன்; எனக்கும் அதே கடிதம் வந்தது. 2018 முதல் உலகெங்கும் சுற்றும் கடிதம் அது. அனுப்பியவன் உங்கள் கணினிக்குள் வரவில்லை. எப்போதோ நீங்கள் கணக்கு வைத்திருந்த ஏதோ ஒரு தளத்தில் திருடுபோன பட்டியலிலிருந்து மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் எடுத்து, ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே கடிதத்தை அச்சடித்ததுபோல் அனுப்புகிறான். ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், அது எந்தெந்தக் கசிவுகளில் இடம்பெற்றிருக்கிறது என்று காட்டும். என்னுடையது மூன்றில் இருந்தது.

பதில் எழுத வேண்டாம், பணம் அனுப்ப வேண்டாம். அந்தப் பழைய கடவுச்சொல் இன்னும் எங்காவது பயன்பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் யோசியுங்கள். மின்னஞ்சலுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல் ஒன்றை வைத்து, கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள். வங்கிக் கடவுச்சொல்லைவிட மின்னஞ்சல் கடவுச்சொல் முக்கியம் என்றால் என் பழைய சக ஊழியர்களே நம்புவதில்லை. மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்புகளில் பெரும்பாலானவை மின்னஞ்சலுக்குத்தானே வருகின்றன! கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைப்பதைச் சிலர் கேலி செய்வார்கள். எனக்கு அதில் தவறு தெரியவில்லை. பிலிப்பைன்ஸில் இருக்கும் திருடன் மதுரையில் பீரோவைத் திறக்கப் போவதில்லை.

குப்பை அஞ்சல்களை வெறுமனே அழிக்காமல் 'ரிப்போர்ட் ஸ்பேம்' என்று குறியிடுங்கள். வடிகட்டி அதிலிருந்துதான் கற்றுக்கொள்கிறது. அறிமுகமில்லாதவர் அனுப்பிய கடிதத்தின் அடியில் உள்ள 'அன்சப்ஸ்கிரைப்' இணைப்பைத் தொடாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். நீங்கள் பொருள் வாங்கிய கடை அனுப்புவது என்றால் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. படங்கள் தாமாகத் திறக்காதபடி ஜிமெயில் செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியளவு படத்தை வைத்தே, கடிதம் எப்போது திறக்கப்பட்டது என்று சிலர் வேவு பார்க்கிறார்கள்.

வருமானவரி திரும்பப் பெறும் தொகை வந்திருக்கிறது என்று வரும் கடிதங்கள்தான் ஓய்வூதியர்களுக்கு மிகப் பெரிய கண்ணி. அனுப்புநரின் பெயரைப் பார்க்காமல் முகவரியைப் பாருங்கள். இணைப்பின் மேல் சுட்டியை வைத்தால் அடியில் தெரியும் முகவரியில், தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோட்டுக்கு முன் உள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். வருமானவரித் துறையின் முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடியும். 'கவ்' என்ற சொல் நடுவில் எங்காவது இருந்தால் போதாது. எங்காவது பணம் போய்விட்டால் நாணப்பட்டுக்கொண்டு காலத்தைக் கடத்தாமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க முடிந்த வழக்குகளை நான் பணியில் இருந்தபோது பார்த்திருக்கிறேன்.

மறுமொழி: கணினி பழுதுநீக்குபவர், திருச்சி

அம்மா, அந்த 'ஜேபிஜி'யைச் சொடுக்க வேண்டாம்! எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதில் குறியிட்டுவிட்டு மறுபடியும் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் 'ஜேபிஜி'க்குப் பின்னால் 'இஎக்ஸ்இ' என்று இருக்கும்; அப்படியானால் அது படமன்று, நிரல். கோப்பின் உண்மையான பின்னொட்டை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடுவதால் இந்தத் தந்திரம் இன்றும் பலிக்கிறது. 2000 மே மாதம் பரவிய 'ஐ லவ் யூ' நிரலும் இப்படித்தான் வந்தது: காதல் கடிதம் என்ற பெயரின் முடிவில் 'டிஎக்ஸ்டி' என்று தெரியும், அதற்குப் பின்னால் இருந்த, நிரல் என்று காட்டும் 'விபிஎஸ்' தெரியாது. கால் நூற்றாண்டு ஆகியும் அந்த வழக்கத்தை ஏன் மாற்றவில்லை என்று எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

டிஃபென்டர் விழித்திருக்கிறதா என்று பார்க்க ஈக்கார் என்ற சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட வெறும் வரி; தீங்கு எதுவும் செய்யாது. ஆனால் அதைக் கண்டால் எச்சரிக்க வேண்டும் என்று ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்கள் தமக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஈக்கார் அமைப்பின் தளத்திலிருந்து மட்டும் அதை இறக்கிப் பாருங்கள். சேமிப்பதற்குள்ளாகவே டிஃபென்டர் தடுத்தால் காவல் சரியாக இருக்கிறது.

தஞ்சாவூர் சகோதரி சொன்ன கதைக்கும் ஒரு தடுப்பு உண்டு. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒன்று இருக்கும். அதை இயக்கினால் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றில் அறிமுகமில்லாத செயலி எதுவும் கை வைக்க முடியாது. சிலசமயம் நல்ல செயலியையும் தடுக்கும். அதற்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டால் போதும்.

கேள்வி கேட்டவர்

நீங்கள் சொன்னபடியே 'இஎக்ஸ்இ' தான். டிஃபென்டர் முழுச் சோதனையில் அதையும், கணினியின் தொடக்க நிரல்களுக்கிடையே ஒளிந்திருந்த ஒரு 'விபிஎஸ்' கோப்பையும் பிடித்தது. ஆஃப்லைன் ஸ்கேனுக்குப் பிறகு புதிய பென் டிரைவ் ஒன்றைச் செருகிப் பார்த்தேன், அம்புக்குறி வரவில்லை. ஈக்கார் கோப்பைச் சேமிக்கவே விடவில்லை. நீட்டித்த பாதுகாப்புக்குப் பதிவு செய்தாயிற்று. பீரோவுக்கு ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கியிருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை என் கணவர் நகலெடுத்துவிட்டுக் கம்பியைக் கழற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. 2026 அக்டோபருக்குப் பிறகு இதே கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போட்டுத் தமிழ்த் தட்டச்சு செய்பவர்கள் யாராவது இருந்தால், தனி இழை ஒன்றில் கேட்கலாம் என்றிருக்கிறேன்.